எங்க சித்தி அப்படிச் சொல்லவே இல்லையாம்

கோவில்பட்டியில் வந்து "நான் எழுத்தாளன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். டீ ஆற்றுகிறவர் ஆற்றிக்கொண்டே, "சரி, தொழிலு என்ன பாக்கீக?" என்பார். அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. ஊரில் அந்தச் சரக்குக் கூடுதல். திருநெல்வேலி ரோட்டில் கொஞ்சதூரம் போனால் இடைசெவல். அந்தச் சின்னக் கிராமத்திலிருந்து மட்டும் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி விருது. இந்தப் பக்கம் உருளைக்குடிக்காரர் சோ. தர்மன், ஆண்டிபட்டிக்காரர் பூமணி. அவர்களுக்கும் அதே விருது. போதாததற்குக் கிழக்கே எட்டயபுரத்தில் பாரதியே பிறந்து வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தன் நானும் எழுதுகிறேன் என்று கிளம்பினால், பெண் கொடுக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். மற்றபடி ஒன்றும் நடக்காது.

இந்த மண்ணில் இத்தனை பேர் எழுத வந்ததற்கு விமர்சகர்கள் பெரிய பெரிய காரணங்கள் சொல்லுவார்கள். எனக்குத் தெரிந்த காரணம் சின்னது. எங்களுக்கு ஆறு கிடையாது. வானம் பார்த்த கரிசல். ஐப்பசி மழையை நம்பி உளுந்து, கம்பு, சோளம், பருத்தி என்று போடுவது. பங்குனிக்குள் எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிடும், வந்தால். அதற்கப்புறம் அடுத்த மழை வரைக்கும் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அத்தனை மாசமும் மனுசர் என்ன செய்வார்கள்? வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அங்கே வராதவனைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்தவன் கதையைப் பேச வருசத்தில் பாதியை ஒதுக்கிக் கொடுத்த பூமி இது. இலக்கியம் வராமல் வேறு என்ன வரும்?

நான் எழுத வந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்கள். சம்சாரியையும் மாட்டையும் கி.ரா. எழுதியாயிற்று. ஒரு கதவு, ஒரு நாற்காலி, ஒரு வேட்டியைக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை, மூன்றும் கதையாகிவிட்டன. கண்மாய் இருக்கிறதே என்று பார்த்தால், தர்மன் அதை 'சூல்' என்று நாவலாக்கி 2019-இல் விருதும் வாங்கிவிட்டார். பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல்; அதில் இடம்பெறாத எறும்பு இந்தத் தாலுகாவில் இருந்தால் ஆச்சரியம். யாரும் கை வைக்காமல் மிச்சமிருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். அதில் அப்பா, அம்மா, பின்பக்கம் சித்தி, எதிர்வீட்டில் பெரியப்பா, பேருந்து தூரத்தில் ஒரு மாமா. இவர்களை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

சொந்தக்காரர்களைப் பற்றி எழுதினால் சண்டை வரும், பேச்சுவார்த்தை அற்றுப்போகும் என்று பெரிய எழுத்தாளர்கள் எச்சரித்திருந்தார்கள். சண்டை வந்தது உண்மை. ஆனால் அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல.

முதலில் எழுதியது சித்தியைப் பற்றி. கோவில்பட்டியில் தண்ணீர் என்றால் எங்கோ தாமிரபரணியில், சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வந்து சேர வேண்டும். நான் சிறுபையனாக இருந்தபோது அது நினைத்தால் வரும். பல சமயம் வாரக்கணக்கில் நினைக்காது. வருகிறது என்று வதந்தி கிளம்பினால் போதும், முந்தின ராத்திரியே தெருக்குழாயடியில் குடம் வரிசை கட்டிவிடும். குடம் இல்லாதவர்கள் செங்கல் வைப்பார்கள். உடைந்த சட்டி, ஒற்றைச் செருப்பு எல்லாம் வரிசையில் நிற்கும். அந்தச் செருப்புக்கு அன்றைக்கு இருக்கிற மரியாதை அதைப் போடுகிற ஆளுக்குக்கூட இருக்காது. ஒருநாள் பக்கத்து வீட்டு மதினி ராத்திரி ஒரு சொம்பை வைத்து இடம்பிடித்துவிட்டு, விடியற்காலையில் அந்த இடத்தில் ஓர் அண்டாவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பின்னால் நின்றது எங்கள் சித்தி.

இந்தச் சண்டையை உருக்கமான ஒரு கதையாக எழுதினேன். கடைசியில் சித்தி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தண்ணீர் எல்லாருக்கும் பொதுதானே" என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு நடந்துபோவாள். பத்திரிகையில் வந்தது. கரிசல் பெண்ணின் ஆதிக்குரல் என்று மதுரையில் ஒருவர் கூட்டத்தில் பேசினார். நான் சித்திக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏலே, நான் எப்பலே பொதுன்னு சொன்னேன்?"

"கதைக்காகச் சித்தி..."

"பொதுவாம்ல பொது. எனக்கு ரெண்டு கொடம் வேணும்னு நிக்கேன், நான் போயி பொதுன்னு சொல்லுவனா? சொல்லிட்டு வெறுங் கொடத்தோட வீட்டுக்கு வேற வந்தேனாக்கும்? என் வயசுல நான் வெறுங் கொடத்தோட திரும்பினது கெடையாது. ஊருக்குள்ள என்னைப் பத்தி என்ன நெனைப்பாக?"

"அப்போ என்னதான் சித்தி சொன்னீங்க?"

சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் குழாயடியே எதிரில் இருக்கிற மாதிரி நின்று சொன்னாள்: "ராத்திரி சொம்பா இருந்தது விடியிறதுக்குள்ள அண்டாவா வளந்துருச்சே மதினி! என்ன ஒரம் போட்டீக? எங்க வீட்டு உளுந்துக்கும் கொஞ்சம் குடுங்களேன்."

ஒரு வருசம் மேசையில் உட்கார்ந்தாலும் எனக்கு இந்த வரி வந்திருக்காது. சித்திக்கு அது பல் விளக்காத வாயில் வந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. விசயம் அந்த மதினி காதுக்குப் போய், அவர்களும் வந்துவிட்டார்கள். கதையில் அவர்கள் வெட்கித் தலைகுனிந்து நின்றதாக எழுதியிருந்தேன். "நான் தலைய குனிஞ்சனா? உன் சித்தி அப்படிக் கேட்டதும் நான் பதில் சொல்லாம விட்டனா? அதை ஏன் எழுதல? ஒரு பக்கமாப் பேசலாமா?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்ன பதிலையும் சொன்னார்கள். அதை அச்சில் போட முடியாது. ஆனால் சித்தியின் வரியைவிட ஒரு மாற்றுக் கூடுதல் என்று நடுநிலையோடு சொல்லுவேன். இருவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பழைய சண்டையை ஆளுக்கு ஆள் எடுத்துக்கொடுத்து முழுசாக மறுபடியும் போட்டுக்காட்டினார்கள். அம்மா ரெண்டு பேருக்கும் காப்பி போட்டாள். புத்தகமாக வந்தபோது அந்தக் கதை மூன்று பக்கம் நீண்டிருந்தது. மதுரைக்காரர் மட்டும், முதல் வடிவத்தில் இருந்த சோகம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்.

இவர்களை எழுதினால் கோபம் வரும் என்று பயந்தேனே, அவர்களுக்கு வந்த கோபமெல்லாம் குறைத்து எழுதியதற்குத்தான். இருப்பதைவிட நல்லவராகக் காட்டினால் அதைப்போல அவமானம் எங்கள் ஊரில் வேறு இல்லை.

அப்பா ரகம் வேறு. அவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவர். எங்கள் பக்கம் ஃபேக்டரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்து முக்குகிற இடமானாலும் அது ஆபீஸ்தான். இலக்கிய நயம், பாத்திரப் படைப்பு எதற்குள்ளும் அப்பா தலையிடுவதில்லை. கையில் பென்சிலோடு உட்கார்ந்து இருப்பைச் சரிபார்ப்பார்.

"பதினாலாம் பக்கத்துல குழாயடியில பதினோரு கொடம் இருக்கு. பதினேழாம் பக்கத்துல பன்னெண்டு ஆயிருக்கு. நடுவுல வரவு இல்ல. அந்த ஒத்தக் கொடம் எங்கருந்து வந்துச்சு?"

"யாராவது வச்சிருப்பாங்கப்பா."

"யாராவதுன்னா பேரு? பேரேட்டுல யாராவதுன்னு எழுத முடியுமா?"

எழுத முடியாது. நான் ஒரு குடத்தை எடுத்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் என் கதைகளில் கிரகணத்தன்று அமாவாசையும் பௌர்ணமியும் மாறிப்போனதில்லை, செத்த மாடு அடுத்த அத்தியாயத்தில் பால் கறந்ததில்லை என்றால், அந்தப் பெருமை கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலைச் சேரும்.

தீப்பெட்டி என்றதும் அம்மாவைச் சொல்ல வேண்டும். நான் பேசப் பழகினதே தீப்பெட்டி ஒட்டுகிற கைகளுக்கு நடுவில்தான். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை வாசம் வீடு முழுக்க நிற்கும். மயில்துத்தம் எதற்கென்றால், எலியும் கரப்பானும் பசையைத் தின்றுவிடக் கூடாது. பிள்ளைகளும் தின்றுவிடக் கூடாது என்பதும் உள்நோக்கமாக இருக்கலாம். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் அடிப்பெட்டி, மேல்பெட்டி குவிந்து காயும். 144 பெட்டி ஒரு குரோஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைப் போட்டுவிட்டு நாங்களும் உட்கார வேண்டும். குழந்தைத் தொழிலாளர் என்ற பேச்செல்லாம் அப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. "கை சும்மாதான இருக்கு?" என்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு தலைமுறையே ஒட்டியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வட்டத்தில் சிரிக்காத நாள் இல்லை. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருந்தது? ஊரில் நடந்தது, நடக்காதது, நடந்திருக்க வேண்டியது மூன்றும் அங்கே அலசப்படும். என் கதைகளில் பாதி, யாரோ ஒரு பெண் மேல்பெட்டியை மடக்கிக்கொண்டே சொன்னது. நான் கமிஷன் மண்டிக்காரன். விளைந்தது அவர்கள் காடு. மூடையில் என் பெயர்.

அம்மா என் கதைகளைத் தானாக வாசிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, கேட்டுக்கொண்டே ஒட்டுவாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்ன விமர்சனம் ஒன்றேதான், எல்லாக் கதைக்கும் அதேதான்: "இதெல்லாம் நடந்ததுதான?"

"ஆமாம்மா."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

"ஆமா."

"இதுக்கா துட்டுக் குடுக்காக?"

எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொன்னேன். அம்மா மனசுக்குள் அதைக் குரோஸ் கணக்காக மாற்றிப் பார்த்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. எத்தனை நாள் எழுதினேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பசைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஒரு தீப்பெட்டி 2007-இல் ஒரு ரூபாய் ஆனது. பதினாலு வருசம் அதே விலையில் நின்றது. 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய். உலகத்தில் இவ்வளவு காலம் விலை ஏறாத பொருள் வேறு இருக்குமா என்று அப்பா ஆச்சரியப்பட்டார். சிறுபத்திரிகைச் சன்மானம் பற்றி அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

பெரியப்பாவை ஒரு கதையில் சாகடித்தேன். வேண்டாத எண்ணம் ஏதுமில்லை, கதைக்கு ஒரு சாவு தேவைப்பட்டது, அந்த வயசில் வீட்டில் அவர்தான் இருந்தார். சலூன் கடையில் யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். முகத்தில் பாதிச் சவரத்தோடு வந்து நின்றார். நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"ஏம்ல, எனக்குக் கூட்டம் இம்புட்டுத்தானா?"

"பெரியப்பா..."

"வாசல்ல நாலு பெஞ்சு போட்டிருந்ததாம், அதுலயும் ஒண்ணு காலியாம்! கயத்தாத்துச் சம்பந்தகாரங்க வரலையா? அவுக வீட்டுக் கெழவி செத்ததுக்கு நான் வேலைய விட்டுட்டு ரெண்டு நாள் கெடந்தேன். கழுகுமலைல இருந்து ஒரு வேன் வந்திருக்காது? கொட்டு எந்த ஊருக் கொட்டு? அதையும் எழுதல. உங்க பெரியம்மா விசும்பினாள்னு போட்டிருக்க. அவ விசும்புற ஆளா? பால்காரன் அரைமணி நேரம் பிந்தினாலே நாலு தெருக் கூடும்."

பேப்பர் எடுத்துவரச் சொல்லி, தன் சாவுக்கு வரக்கூடியவர்கள் பட்டியலை ஊர்வாரியாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே சில ஊர்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஊர்க்காரன் வருவானா, அவன் வீட்டு விசேசத்துக்கு நாம் போகவில்லையே என்று தயங்கினார். அன்றிலிருந்து பெரியப்பா இந்தத் தாலுகாவில் ஒரு எழவு விடுவதில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்கிறார். கூட்டம் சேர்க்கிறார்.

கழுகுமலை என்றதும் ஞாபகம் வருகிறது. வருசத்துக்கு ஒருதடவை குடும்பத்தோடு அங்கே போவோம். முருகனைக் கும்பிட்டுவிட்டு மலைமேல் வெட்டுவான் கோயில் பார்ப்பது வழக்கம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தது. விமானம் அப்படியே உயிரோடு நிற்கும், கீழ்ப்பகுதி முடியவில்லை. எதனால் பாதியில் விட்டார்கள் என்பதற்கு ஊரில் கதைகள் உண்டு. என் நாவல் பல வருசமாக அதே நிலைமையில் இருப்பது பெரியப்பாவுக்குத் தெரியும். போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "முடிக்காம விட்டாலும் ஆயிரத்தி இரநூறு வருசம் நிக்கலாம். ஆனா ஆரம்பிச்சதாவது ஒழுங்கா ஆரம்பிச்சிருக்கணும்" என்பார். கோயிலைச் சொல்கிற மாதிரியே இருக்கும்.

பெயரை மாற்றி எழுதினால் இந்தத் தொல்லை இராது என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆர்.கே. நாராயண் கெட்டிக்காரர். 1935-இலேயே மால்குடி என்று ஓர் ஊரைத் தானாக உண்டாக்கிக்கொண்டார். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது, அங்கிருந்து யாரும் ஏறிவந்து "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று கேட்க முடியாது. கி.ரா.வும் 'கோபல்ல கிராமம்' என்றுதான் பெயர் வைத்தார். நானும் ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாம் மாற்றி, தாலிச் சங்கிலியை அடகு வைத்துச் சினிமாவுக்குப் போன ஓர் அத்தையைப் பற்றி எழுதினேன். யாரை மனசில் வைத்து எழுதினேனோ அந்த அத்தை வாயே திறக்கவில்லை. வேறு மூன்று அத்தைகள் தனித்தனியாக வந்து, "நம்ம கதைய எப்படிய்யா கண்டுபிடிச்ச? மாமாவுக்குத் தெரியாதே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பெயரை மாற்றாமல் எழுதியிருந்தால் ஒரு வீட்டில்தான் பிரச்சினை வந்திருக்கும்.

வெளியூர்ப் புகழ் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நியாயம்தான். கரிசல் கடலை, பதமான பாகு, எவராலும் ஒரு துண்டோடு நிறுத்த முடியாது. சென்னையில் இலக்கியக் கூட்டத்துக்குப் போனால் ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கடலைமிட்டாய்ப் பாக்கெட் கொண்டுபோவேன். புத்தகத்தை வாங்கி, கையெழுத்துப் போடச் சொல்லி, பத்திரமாகப் பைக்குள் வைத்துவிடுவார்கள். பாக்கெட்டை அங்கேயே பிரிப்பார்கள். அடுத்த தடவை போகும்போது எதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

படித்த காலத்தில் என் வயசுப் பையன்கள் எல்லாம் ஹாக்கி மட்டையோடு அலைந்தார்கள். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். ஓட முடியாத என்னைக் கோல் காக்க நிறுத்தினார்கள். அங்கே நின்றபடி ஊரை வேடிக்கை பார்க்கப் பழகினேன். மழை பெய்த மறுநாள் அதுவும் முடியாது. கரிசல் சகதி செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். பத்தடி நடந்தால் ஒரு விரக்கடை உயரம் கூடும். இருபதடியில் செருப்பு அங்கேயும் நாம் இங்கேயும் இருப்போம். ஆடினவர்களில் சிலருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. எழுதினவனுக்கும் ரயிலில்தான் வாழ்க்கை, முன்பதிவு இல்லாத பெட்டியில்.

இப்போது மாமா விசயத்துக்கு வருகிறேன். இத்தனை பேரை எழுதியும் நான் ஒரு வரி எழுதாத ஆள், அம்மாவின் தம்பி. இதில் அவருக்கு ஆறாத வருத்தம். விசேச வீடுகளில் என்னைப் பார்த்தால் வேறு பந்திக்குப் போய்விடுகிறார். நான் என்ன செய்ய? மாமாவிடம் கதை இல்லை. கடன் வாங்கினதில்லை. குடிப்பதில்லை. பங்காளியோடு வரப்புத் தகராறு இல்லை, வரப்பே இல்லை. அத்தையோடு சண்டையாவது உண்டா என்றால், அத்தை சொன்னால் சரி என்பார். எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு மனுசர் எப்படிப் பிறந்தார் என்று அம்மாவுக்கே புரியவில்லை.

கதையில் வர வேண்டும் என்பதற்காக மாமா சமீபகாலமாகச் சம்பவங்களைத் தேடிப் போகிறார். ஒருநாள் போன் பண்ணினார்.

"மாப்ளே, பேனா இருக்கா? இன்னைக்கு ஒரு கண்டக்டரோட பெரிய தகராறு."

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண்டக்டரோடு தகராறு வருவது சகஜம். தூரத்துப் பஸ்கள் ஊருக்குள் வராமல் பைபாசிலேயே இறக்கிவிட்டுப் போவது பழைய வியாதி. இதில் சட்டைக் காலரைப் பிடித்தவர்கள் உண்டு, பஸ் முன்னால் படுத்தவர்கள் உண்டு. நான் ஆவலோடு நோட்டை எடுத்தேன்.

"சொல்லுங்க மாமா. என்ன ஆச்சு?"

"பைபாஸ்ல எறங்கச் சொன்னாரு. நான் விடல. 'கொஞ்சம் உள்ள போனா நல்லாருக்கும்'னேன்."

"அப்புறம்?"

"'போகாது'ன்னாரு."

"அப்புறம் மாமா?"

"எறங்கிட்டேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. பிறகு மாமாவே, "எறங்கையில கதவைக் கொஞ்சம் சத்தமாச் சாத்தினேன் மாப்ளே. அதை வேணா பெருசு பண்ணிக்கோ" என்றார்.

எழுத்து மேல் மாமாவுக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. கி.ரா. 2021-இல் இறந்தபோது புதுச்சேரியிலிருந்து இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மாமாவால் அதை நம்ப முடியவில்லை. பள்ளிப்படிப்பையே முடிக்காத ஒரு சம்சாரி, பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, கிட்டத்தட்ட நூறு வயசு வாழ்ந்து, கடைசியில் போலீஸ் துப்பாக்கி முழங்க ஊர் திரும்புகிறார். பிறகு கோவில்பட்டியில் நினைவரங்கமும் கட்டினார்கள். மாமா தனியாகப் போய் ஒவ்வொரு படமாக நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வந்து என்னிடம் சொன்னார்: "மாப்ளே, அவரு கதைல வந்த ஆளுகளைப் பத்தியும் ஜனங்க விசாரிக்காக. அந்த ஆளுகளுக்கு ஒரு செலவும் இல்ல பாரு. சும்மா இருந்தாக. அவரு எழுதினாரு."

சும்மா இருப்பதில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வகையில் அவருக்குத் தகுதி இருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் முதலில் அவருக்குத்தான் போன் பண்ணினேன். "மாமா, இதுல நீங்க வர்றீங்க."

"நெசமாவா? எத்தனை வரி?"

"நெறைய மாமா. சித்தியைவிடக் கொஞ்சம்தான் கம்மி."

போனை மூடிக்கொண்டு அத்தையிடம் அதைச் சொல்லுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. ஒரு அதிகாரம் வந்திருந்தது.

"என்ன சட்டை போட்டிருக்கேன்?"

"சட்டையைப் பத்தி எழுதல மாமா."

"எழுது. பங்குனித் திருவிழாவுக்கு எடுத்தது, இன்னும் மடிப்புக் கலையல. கட்டம் போட்டது. ஊதாவும் வெள்ளையும். பைல ஒரு பேனாவும் வச்சிரு."

வைத்திருக்கிறேன்.